நடுங்கிய பிரேக்

ஊரிகம் ஸ்டேஷன் நெருங்கும்போது சம்பங்கி வலது பாதத்தை ரயில் பெட்டியின் தரையில் ஊன்றி அழுத்துகிறார். பிரேக்கை மிதிப்பதுபோல. ரயில் நின்ற பிறகும் எடுப்பதில்லை. எதிரே உட்காரும் நான் இரண்டு மாதமாக இதைப் பார்த்து வருகிறேன்.

நாற்பத்தாறு வயது. சாம்பியன் ஸ்டேஷனில் ஏறுவார். பெங்களூரில் வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார்கள் விற்கும் ஷோரூம் ஒன்றில் டிரைவர். விற்ற காரை வாங்கியவர் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது வேலை. புது சீட்டில் உட்காருமுன் பின்பாக்கெட் சீப்பை எடுத்து சட்டைப்பைக்கு மாற்றிக்கொள்வாராம், தோல் கீறிவிடாமல் இருக்க. இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் ஊரிகத்தில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் இருக்கும் டென்னிஸ். அதே ஷோரூமில் மெக்கானிக்காக இருந்தார்.

சென்ற ஆண்டு ஹொசக்கோட்டை சாலையில் ஒரு மாடு குறுக்கே வந்தது. சம்பங்கி பிரேக்கை மிதித்தார். பெடல் காலடியில் கடகடவென்று நடுங்கியது. ஏதோ உடைந்துவிட்டதென்று காலை எடுத்தார். கார் நடுத்தடுப்பில் மோதி நொறுங்கியது. நெற்றியில் நான்கு தையல். பிரேக் பிடிக்கவில்லை என்று சொன்னார். அப்போது அதை நம்பித்தான் சொன்னார். முந்தின நாள் பிரேக்கைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவர் டென்னிஸ். அவரை வேலையைவிட்டு அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகுதான் ஷோரூம் தன் டிரைவர்களை பந்தயத் தடத்தில் இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. இருபது வருடம் ஓட்டியவனுக்கு என்ன கிளாஸ் என்று சம்பங்கி போகும் வழியெல்லாம் சிரித்திருக்கிறார். நனைத்த தரை, மஞ்சள் கூம்புகள், நூறு கிலோமீட்டர் வேகம். முழு பலத்தோடு மிதிக்கச் சொன்னார்கள். அதே நடுக்கம். காலை எடுக்காதே என்று பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் கத்தினார். கார் கூம்புக்கு முன்னால் நின்றது.

"நடுங்கினா பிரேக்கு வேல செய்யுதுன்னு அர்த்தமாம் சார். அமுத்திகினே இருக்கணுமாம்" என்று என்னிடம் சொன்னார், டென்னிஸ் ரயிலுக்கு வராத ஒரு நாள். "இருவது வருசம் ஓட்டிட்டேன். இது தெரியாம பூடுச்சி."

ஷோரூமில் அவர் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடும். டென்னிஸிடமும் சொல்லவில்லை.

டென்னிஸுக்கு வேறு எந்த ஷோரூமும் வேலை தரவில்லை. இப்போது பங்காருப்பேட்டையில் ஒரு பைக் ஷெட்டுக்குப் போகிறார். ஊரிகத்தில் ஏறியதும் முதலில் சம்பங்கியின் நெற்றியைத்தான் பார்ப்பார். இன்று பக்கத்தில் உட்கார்ந்து, கிரீஸ் போகாத விரலால் அந்தத் தழும்பைத் தொட்டார்.

"பிரேக்கு ஆயில நான்தான் செரியா பாக்காம வுட்டேன் போல கீதுப்பா. நீ பொழச்சதே போதும்."

சம்பங்கி பின்பாக்கெட் சீப்பை எடுத்து முடியைத் தழும்பின்மேல் இழுத்து வாரினார்.

"கிளாஸுக்கு அனுப்பினாங்களாமே. ஷோரூம் சுனில் சொன்னான். இன்னா சொல்லிக்குடுத்தாங்க?"

சம்பங்கி ஜன்னலுக்கு வெளியே, தங்கச் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டைப் பார்த்தார். உதடு பிரிந்து மூடியது.

"கூம்பு கூம்பா வச்சி வளச்சி வளச்சி ஓட்டச் சொன்னாங்க" என்றார்.

தரையில் ஊன்றியிருந்த வலது பாதம் மெல்ல மேலெழுந்தது.