இனிமேல் அக்கா இல்லை

வீட்டுக்காரரிடம் நாங்கள் அக்கா தங்கை. பால்காரரிடமும் அக்கா தங்கை. மயிலாப்பூரில் இரண்டு பெண்கள் காதலித்துச் சேர்ந்து வாழ்கிறோம் என்று சொன்னால் யார் வீடு கொடுப்பார்கள்? பொய் நாக்கிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது.

அவள் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து வலது கையை முறித்துக்கொண்ட அன்றும் அடையாறு ஆஸ்பத்திரியில் பழக்க தோஷத்தில் "நான் அக்கா" என்றேன். ஆபரேஷனுக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன்.

அப்போது பார்த்து அவளுடைய அண்ணன் வந்து நின்றார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர். அவளோடு பேச்சை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. அவள் ஆபீஸிலிருந்து யாரோ அவருக்குப் போன் செய்திருக்கிறார்கள்.

"எங்கப்பாவுக்கு நாங்க ரெண்டே பேருதான். இந்தம்மா யாருன்னே தெரியாது" என்றார் நர்ஸிடம்.

பேனா அவர் கைக்குப் போனது. அவளுக்கு எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்தவள் நான். அதுகூடத் தெரியாதவர் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "ஆமா, நான் அக்கா இல்ல. அவளோட குடும்பம் நடத்துறவ!" என்று ஹாலே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். செக்யூரிட்டி வந்து என்னை வெளியே உட்கார வைத்தார். உட்கார்ந்தேன். வீட்டுக்கு மட்டும் போகவில்லை.

கையில் கட்டோடு வந்தவள்தான் வக்கீலைப் பார்க்கலாம் என்றாள். கல்யாணமாகப் பதிவு செய்ய இப்போதைக்குச் சட்டத்தில் இடமில்லை, துணை என்கிற உரிமையையாவது கோர்ட்டில் கேட்போம் என்றார் வக்கீலம்மா.

"கேஸை உங்க பேரை மறைச்சுப் போடலாம். இல்லேன்னா உங்க வீட்டுக்காரர் வரைக்கும் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும் மேடம். இனிமே நான் இவளுக்குத் தங்கச்சி இல்ல."

தெரிந்தது. வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்லியிருக்கிறார். சும்மா போகப் போவதில்லை. அதையும் வக்கீலிடம் சொல்லியாயிற்று.

போன வாரம் கட்டுப் பிரிக்கப் போனோம். வாசலில் அதே செக்யூரிட்டி.

"சொந்தக்காரங்க மட்டுந்தாம்மா உள்ள போலாம். நீ இன்னா வேணும் அவங்களுக்கு?"

"துணை. கோர்ட்ல கேஸ் போட்டிருக்கோம். தீர்ப்பு வர்ற வரைக்கும் வெளிய நிக்கிறதா இல்ல."

அவர் யோசித்து முடிப்பதற்குள் நாங்கள் இருவரும் உள்ளே போய்விட்டோம்.