மணல்திட்டில் காலியாகக் கிடந்த பாதி

மாசி வெயில் ஏறுவதற்குள் பறவை பார்க்கலாம் என்று, இன்று காலை நானும் மச்சான் சேவியரும் கொள்ளிடக் கரைக்குப் போனோம்.

மணல்திட்டின் ஒரு பாதியில் நாரைகள் நெருக்கியடித்து நின்றன. மறுபாதியில் ஒன்றுகூட இல்லை.

"அந்தப் பக்கம் ஏன் காலியா கெடக்கு? சரி, கிட்டப் போய் போட்டோ புடிச்சு சிங்கப்பூர்ல இருக்கிற உன் மவனுக்கு அனுப்புவோம்" என்று மச்சான் என் போனை வாங்கிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் இறங்கிவிட்டார்.

கரையில் ஒரு பலகை இருந்தது. எழுபது வயதில் எழுத்துக் கற்றவன் நான். பலகையைக் கண்டால் விடமாட்டேன். சந்தோஷமாக உரக்க எழுத்துக் கூட்டினேன்.

"இங்கு... மு... த... லை..."

அடுத்த சொல்லுக்கு நான் போகவில்லை.

"மச்சான், மேல ஏறுங்க!"

காலியாகக் கிடந்த மணலில் ஏதோ நகர்ந்து, சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறங்கியது.

அவர் எப்படிக் கரையேறினார் என்று இருவருக்கும் தெரியவில்லை. ஒரு செருப்பு ஆற்றோடு போயிற்று.

"நீ படிச்சு முடிக்கிறதுக்குள்ள அது என்னைத் தின்னு ஏப்பமே விட்டிருக்கும்யா" என்றார், மூச்சு வாங்க.

இதை எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று.

நாளையும் நாரை பார்க்கப் போகிறோம். துணைக்கு வருகிறவர்கள் சொல்லுங்கள். வேகமாகப் படிக்கத் தெரிந்தவராக இருந்தால் நல்லது.