பங்காளி உறவா?

என் சித்தப்பா மகன் சென்னையிலிருந்து ஒரு மாதம் ஊரில் இருக்க வந்திருக்கிறான் என்றதும் எனக்கு முதலில் வந்தது சந்தேகம்தான். வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாமாம். எங்கள் சிக்கல் ஊரில் டவர் எப்போது எடுக்கும், எப்போது எடுக்காது என்று இங்கேயே கிடக்கிற எனக்கே தெரியாது. இவன் இங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறானாம்! வந்த வாரத்திலேயே சர்வேயரைக் கூட்டிவந்து தன் பங்கு நிலத்தை அளந்தான். எல்லைக் கல் ஊன்ற ஆள் பேசியிருக்கிறான் என்று டீக்கடையில் சொன்னார்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு ஏன் பயம் வந்தது என்றால், என் மிளகாய்க் கொல்லைக்கு வண்டி போகிற பாதை அவன் நிலத்துக்குள் இருக்கிறது. என் அய்யாவும் அவன் அய்யாவும் பாகம் பிரித்தபோது வாய்ப்பேச்சாக விட்ட பாதை அது, பத்திரத்தில் கிடையாது. அவன் அடைத்துவிட்டால் நான் மூட்டையைத் தலையில் சுமந்து கண்மாய்க் கரையைச் சுற்றித்தான் வர வேண்டும். மிளகாய்ப் பழம் எடுக்கிற பருவம் வேறு. நேரே கேட்டுவிடலாம்தான். ஆனால் அடைக்க நினைக்காதவனுக்கும் நாமே யோசனை சொல்லிக் கொடுத்ததாகிவிடுமே என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

இப்படி இருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தான். "அண்ணே, மதினி, இங்கன வந்து உக்காருங்க. ஒரு ஆட்டம் போடுவோம்" என்றான். பெட்டிக்குள் மடக்குப் பலகையில் ஏதோ வெள்ளைக்கார நாட்டின் பழைய வரைபடம், மரத்தில் செய்த குட்டிக் கோட்டைகள், குதிரைப் படை, கொடிகள். ராஜாக்கள் காலத்துச் சண்டையாம். சென்னையில் பெரிய ஆட்களே கூடி உட்கார்ந்து விளையாடுகிறார்களாம். நிலத்தை அளந்த கையோடு ஒருவன் நாடு பிடிக்கிற விளையாட்டைக் கொண்டுவந்தால் நான் என்னதான் நினைப்பது?

கொடிகளைக் கவிழ்த்துவைத்து ஆளுக்கொன்று எடுத்தோம். எனக்கும் அவனுக்கும் பன்றிக் கொடி வந்தது. ஒரே கொடி என்றால் ஒரே வம்சம், ஆனால் படையும் கோட்டையும் தனித்தனி என்றான். எப்படி அப்படி வந்தது என்று அவன் விரல்களையே பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. என் மனைவிக்குப் பருந்துக் கொடி. ஆட்டம் பாதி போனபோது அவள் எடுத்த சீட்டில் ஒரு கல்யாணம் வந்தது. அவள் வம்சத்துப் பெண்ணை எங்கள் வம்சத்தில் கட்டிக்கொடுத்ததாகக் கணக்கு.

விதிப் புத்தகம் இங்கிலீஷில் இருந்தது. சாயல்குடிப் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிற என் மனைவிதான் வாசித்து வாசித்துத் தமிழில் சொல்லிவந்தாள். கல்யாணம் வந்ததும் ஒரு விதியைக் கண்டுபிடித்தாள். "உறவினர் கோட்டையை முற்றுகை போடக் கூடாதாம். இனிமே என்னைய யாரும் தொடக் கூடாது" என்று சிரித்தாள். கோட்டைகளும் அவளிடம்தான் அதிகம் இருந்தன.

என் படையோ ஆற்று முகத்தில் இருந்த அவன் கோட்டை வாசலில் நின்றது. அதைப் பிடித்தால் ஆட்டம் எனக்கு. நான் படையை நகர்த்தக் கை வைத்தேன். "அண்ணே, நில்லுங்க. நாம ஒரே கொடி. நாமளும் உறவுதான?" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. "பங்காளி எப்படிலே உறவாவான்? கல்யாணப் பத்திரிகையில பங்காளிகன்னு தனியாப் போடுறோம், உறவின்முறைன்னு தனியாப் போடுறோம். பொண்ணு குடுத்துப் பொண்ணு எடுக்குறவகதான் உறவு" என்றேன்.

"இதுல இருக்கிற இங்கிலீஷ் வார்த்தை ரத்த சொந்தத்தையும் சேர்த்துத்தான்" என்றாள் என் மனைவி. ஆட்டம் அப்படியே நின்றால் ஜெயிக்கப் போவது அவள், பிறகு வேறு எப்படிச் சொல்வாள்? "உறவினர்னு நீதான் வாசிச்ச" என்று அவளையும் மடக்கினேன். உறவினர் என்றால் இன்னார் என்று புத்தகத்தில் எங்குமே விளக்கவில்லை. அவன் மாடிக்குப் போய் டவர் பிடித்து போனில் தேடிவிட்டு வந்தான். ஒரு வெள்ளைக்காரன் சேர்த்தி என்கிறானாம், இன்னொருவன் சேர்த்தி இல்லை என்கிறானாம். அங்கேயும் பங்காளிச் சண்டை ஓயவில்லை போலிருக்கிறது.

பிறகு அவன் தன் கோட்டையைத் தொட்டுக்கொண்டு நிதானமாகக் கேட்டான். "சரிண்ணே, நீங்க மூத்தவக. நீங்க சொல்றதுதான் விதி. பங்காளி உறவா, இல்லையா?"

ஏதோ கண்ணி வைக்கிறான் என்று புரிந்தது. எந்தப் பக்கம் வைக்கிறான் என்பதுதான் புரியவில்லை. உறவு என்று சொன்னால் படையைத் திருப்ப வேண்டும். அந்தச் சின்ன மரக்கோட்டை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எனக்கு ஆத்திரம், ஆசை இரண்டும் சேர்ந்து வந்தன.

"இல்ல" என்றேன்.

அவன் தகராறு பண்ணவில்லை. தானே கோட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தான். எனக்கு வெற்றி. மூவரும் காய்களைப் பொறுக்கிப் பெட்டிக்குள் போட்டோம். அப்போது தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "நாளைக்குக் கல்லு ஊன வாராக. உங்க பாதைய விட்டுத் தள்ளி ஊனச் சொல்லியிருந்தேன்ணே."

சொல்லியிருக்கேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தேன் என்றான். அவன் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்து, "வாரேன் மதினி" என்று அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

"ஓடிப்போயிக் கேளுங்க, பாதை உண்டா இல்லையான்னு" என்று என் மனைவி என்னைத் தள்ளாத குறையாக விரட்டினாள். செருப்பு மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன். அவன் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் நடந்தான், கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் எந்த முறையில் கூப்பிட்டுக் கேட்பேன்? நமக்குள் உறவில்லை என்று சற்றுமுன் விதி போட்டவனே நான்தான்.