ஹீட்டரில் வந்த வெல்ல வாசம்

கோயம்புத்தூரில் கார் வைத்திருக்கும் பலருக்கு அதில் ஹீட்டர் என்று ஒன்று இருப்பதே நினைவிருக்காது. அடிக்கிற வெயில் போதாதா என்று கேட்பார்கள். எங்களுக்கு அது நன்றாகத் தெரியும். அம்மா ஊட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர், அங்கேயே தங்கியிருந்தாள். நானும் அப்பாவும் துடியலூரில். சனிக்கிழமையானால் அப்பா என்னைக் காரில் மலைக்குக் கூட்டிப்போவார். குன்னூர் தாண்டியதும் ஹீட்டரைப் போடுவார். முன்சீட்டில் உட்கார்ந்திருக்கும் என் கால்விரல்கள் கதகதக்க ஆரம்பித்தால், அம்மா பக்கத்தில் வந்துவிட்டாள் என்று அர்த்தம்.

அப்பா அம்மாவின் வீட்டுக்குள் வரமாட்டார். என்னைக் கேட்டில் இறக்கிவிட்டு, சாயங்காலம் வரைக்கும் எதிர்க்கடையில் டீயும் கையுமாக உட்கார்ந்திருப்பார். அந்தக் கடை டீ அவருக்கு அவ்வளவு இஷ்டம் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை ஹீட்டரைப் போட்டதும் ஒரு வாடை வந்தது. தித்திப்பான வாடை, வெல்லப்பாகு அடிபிடித்த மாதிரி. கொஞ்ச நேரம் நன்றாகத்தான் இருந்தது. அடுத்த வளைவில் குமட்டியது, அதற்கடுத்த வளைவில் வாந்தி. அம்மா என்னைத் தூக்கிக்கொஞ்சுவதற்குப் பதிலாகக் குளிப்பாட்ட வேண்டியதாயிற்று. சாயங்காலம் கேட் வரைக்கும் வந்து காரையே பார்த்துக்கொண்டு நின்றாள். காருக்குப் பக்கத்தில் வரவில்லை. வாடைக்குப் பயந்துதான் வரவில்லை என்று நான் முடிவுகட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை நான் தலைசீவிக் கிளம்பி நின்றபோது அப்பா சட்டைகூட மாற்றவில்லை.

"இந்த நாத்தத்தோட எப்படிக் கண்ணு போறது? சரி பண்ணிப்போட்டுப் போலாம்."

அப்படியானால் வாடை போக வேண்டும், அவ்வளவுதான். அதற்கப்புறம் எனக்கு வேறு எதிலும் புத்தி போகவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து, பூட்டைத் திறந்து, டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கட்டும் என்றுதான். காந்திபுரத்தில் மின்விசிறிக் கடை வைத்திருந்த அப்பா இருட்டுகிற நேரத்துக்குத்தான் வருவார். வந்தாலும் போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார்.

உடுமலைப்பேட்டையிலிருந்து வந்த சித்தப்பா காருக்குள் தலையை விட்டு ஒருமுறை மோந்துபார்த்தார்.

"பொங்கலுக்கு நம்ம தோட்டத்து வெல்லத்த மூட்டையா ஏத்துனமல்ல? அது சிந்தி, விரிப்புக்கடியில ஊறிக் கெடக்குது. இதுக்குப் போயி மெக்கானிக்காக்கும்!"

எங்கள் குடும்பத்தில் காருக்கு முதல் வேலை மூட்டை சுமப்பது. ஆள் ஏறுவதெல்லாம் அப்புறம்தான். அதனால் எல்லோரும் நம்பினோம். முன்சீட்டுக்குக் கீழே விரிப்பு பிசுபிசுவென்று ஈரமாகவும் இருந்தது. நான் அதைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கை சிவக்கத் தேய்த்து மாடியில் காயப்போட்டேன். காய்ந்ததும் விரித்தேன். மறுநாளே மறுபடி ஈரம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அழுதுகொண்டே உற்றுப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. வெல்லமாக இருந்தால் ஒரு எறும்பாவது வந்திருக்க வேண்டாமா?

அன்று அப்பா வந்ததும், எஞ்சின் ஆறுவதற்குள் சாவியை வாங்கிக்கொண்டு போய் ஹீட்டரைப் போட்டு உட்கார்ந்தேன். சித்திரை வெக்கையில் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஹீட்டர் போட்டுக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்து எதிர்வீட்டு அத்தை என்ன நினைத்தாரோ. வாடை வந்தது. முன்கண்ணாடியில் உள்பக்கமாக எண்ணெய் தடவியது போல ஒரு மங்கலும் படிந்தது. மாடிக்கு ஓடிப்போய் "ஹீட்டர்தானுங்கப்பா!" என்று கத்தினேன். அப்பா போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். மகள் இப்படிக் கண்டுபிடித்தால் எந்த அப்பாவும் சந்தோஷப்படுவார். அவர் முகத்தில் அது இல்லை.

நான் விடாமல் நச்சரித்து அவரை உக்கடத்து மெக்கானிக் பாயின் பட்டறைக்கு இழுத்துப்போனேன். அவர் விரிப்பைத் தூக்கி, கீழே தேங்கிய பச்சை நிறத் தண்ணீரை விரலால் தொட்டார்.

"வெல்லமில்லீங்க, எஞ்சின் சூட்டுக்கு ஊத்தற கூலண்ட்டு. ஹீட்டர் பெட்டி ஓட்டையாயி உள்ளாற ஒழுகுது. குட்டி அம்மணி ஹீட்டருன்னு சொன்னது சரிதான்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாய் அப்பாவிடம் திரும்பினார்.

"புதுப் பெட்டி போட்டா டேஷ்போர்டு பூராக் கழட்டோணும். இல்லீன்னா, பெட்டிக்குப் போற ரெண்டு பைப்பையும் ஒண்ணாச் சேத்துவிட்டா வாடை இன்னைக்கே நின்னுரும். ஆனா ஹீட்டர் வேலை செய்யாது. நம்மூர்ல நெறையப் பேரு அப்படித்தான் ஓட்டறாங்க. நீங்க மலைக்குப் போவீங்கல்ல, அதான் ரோசனை."

அப்பா என் தலையில் கை வைத்தார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை.

"சேத்து உட்ருங்க பாய். இனி மலைக்குப் போற வேலை இல்லீங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாங்கள் மேலே போக வேண்டாமென்றால், அம்மா கீழே வரப்போகிறாள். வேறென்ன அர்த்தம் இருக்க முடியும்? வரும் வழியெல்லாம் வாடையே இல்லை. "அம்மாவுக்கு இனிப் பயமில்லீங்கப்பா" என்றேன். அப்பா "ம்" என்றார்.

அம்மா வந்தாள்தான். மாதத்தில் ஒரு ஞாயிறு, ஊட்டி பஸ்ஸில். ஒரு ஹோட்டலில் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊட்டிவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குத் திரும்பிவிடுவாள். அதெல்லாம் பின்னால் நடந்தது.

அன்று வீட்டுக்கு வந்ததும் விரிப்பை இன்னொரு தரம் கழுவினேன். முன்சீட்டை ஈரத்துணியால் துடைத்து, அங்கே கிடந்த என் ரப்பர் பேண்டுகளையும் மிட்டாய்க் காகிதத்தையும் பொறுக்கினேன். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பும்போது அப்பா வழக்கம்போல முன்கதவைத் திறந்துவிட்டார். "அது அம்மாவுக்குங்கப்பா" என்று சொல்லிவிட்டு, பையைக் கட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அந்த வருஷம் முழுக்கப் பின்சீட்டில்தான் போனேன்.