அக்கா வந்து உட்கார்ந்த நாற்காலி

பெரியம்மா வீட்டுக் கூடத்தில் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கிறது. பசார் சந்தையில் வாங்கியது. விரிசல் விட்ட ஒரு காலைப் பெரியம்மா மகன், எனக்கு அண்ணன், கம்பி சுற்றிக் கட்டி வைத்திருக்கிறார். அதில் யாரும் உட்காரக் கூடாது. விசிறி மாட்ட வந்த ஒருவர் விவரம் தெரியாமல் உட்காரப் போனார். பெரியம்மா போட்ட சத்தத்தில் சுத்தியலைக்கூட எடுக்காமல் வாசலுக்குப் போய்விட்டார். அது பெரியம்மாவின் குரல் ஊரைக் கூட்டிய காலம்.

பெரியம்மா என் அம்மாவின் அக்கா. கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் வீட்டுமனையாகிப் போனதும் ஈப்போவுக்கு வந்து, சிம்பாங் பூலாய் கல்லுடைப்பில் லோரி ஓட்டும் மகனோடு இருந்தார். நல்ல வாய்க்காரி. வேலை வாங்கும் மண்டோரிலிருந்து சொந்தக்காரர்கள் வரை அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்கள் கிடையாது. முதலில் வலது கை நடுங்கியது. பிறகு உடம்பே கட்டையாக இறுகியது. அடுப்படிக்குப் போகிறவர் நிலைப்படி வந்ததும் கால் நகராமல் அப்படியே நின்றுவிடுவார். "வெட்டுக்கத்தி புடிச்ச கை பாப்பா இது. இப்ப சோத்த வாய்க்குக் கொண்டு போவ மாட்டேங்குது" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்காது.

நான் ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். அதனால் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பற்றி விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நடுக்குவாதத்தால் பெரியம்மாவின் மூளையில், உடம்பை அசையச் சொல்லும் டோபமைனைச் சுரக்கும் அணுக்கள் செத்துக்கொண்டிருந்தன. அந்த மாத்திரையில் இருப்பது டோபமைன் இல்லை, அதைப்போல நடிக்கிற வேறொரு ரசாயனம். நரம்பணுவின் மேற்பரப்பில் ஏற்பி என்று ஒரு புரதம் இருக்கிறது. டோபமைன் வந்து தொட்டால் அது விழித்துக்கொண்டு உள்ளே சேதி அனுப்பும். சேதி ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கைமாறிப் போகும். கடைசியில் கை அசையும், கால் நடக்கும். தொட்டது டோபமைனா, அதைப்போன்ற வேறொன்றா என்று ஏற்பிக்குத் தெரியாது. இதைப் பெரியம்மாவுக்கு எப்படிச் சொல்வது? தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிட, மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பார்களே, அதைச் சொன்னேன். மண்டோர் அடித்தாலும் வேறு எவர் அடித்தாலும் வேலையாட்கள் இருக்கும் லயத்து வீடுகள் எழுந்துகொள்ளும். ஆனால் எழுவது வேலை இருக்கிற வீடு மட்டுமல்ல, வேலை இல்லாத வீடும் சேர்ந்துதான் எழும். அதுபோல மூளையில் வேண்டாத இடமும் விழித்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியலாம், தெரிந்தால் உடனே சொல்லுங்கள் என்றும் சொன்னேன்.

"எவன் அடிச்சா என்ன பாப்பா? எழுந்தா போதும்லா" என்றார்.

எழுந்தார். நிலைப்படியைத் தாண்டினார். தானே கொண்டை போட்டுக்கொண்டார். தோசை சுட்டு அடுத்த வீட்டுக்கும் கொடுத்தனுப்பினார். அண்ணன் எனக்குப் போன் போட்டு, "எங்கம்மா திரும்பி வந்துட்டாங்க" என்று அழுதார்.

அதன் பிறகுதான் அக்கா வந்தாள். அக்கா என்றால் பெரியம்மாவின் ஒரே மகள். கையுறைத் தொழிற்சாலை பஸ் கவிழ்ந்ததில் செத்துப்போனவள். சாயங்காலம் வேலை விட்டு வரும் நேரத்துக்கு வந்து, நீல நாற்காலியில் உட்காருவாளாம். பெரியம்மா மைலோ கலக்கி அவள் முன்னால் வைப்பார். "வாயே தொறக்க மாட்டேங்குறா. அலுத்துப் போயி வாரா பாவம். பேசாட்டி என்ன, கண்ணு முன்னால இருக்கால்ல" என்று என்னிடம் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. மாத்திரைதான் காரணம் என்று நான் சொன்னதற்கு, "இருக்கட்டுமே" என்றார். நான் டாக்டரிடம் சொன்னேன். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம், அழைத்து வாருங்கள் என்றார் அவர்.

அண்ணனுக்கு அதுவரை பொறுக்கவில்லை. வீட்டில் கன்னிப்பெண் ஆவி உட்கார்ந்திருக்கிறது என்று பயந்து, கோப்பெங்கில் சாமி பார்க்கிறவரிடம் போனார். ஆசை தீராமல் போன பிள்ளை சுற்றுகிறது, கயிறு கட்டுகிறேன், கயிறு கையில் இருக்கும் வரை விரதம், வேறு மருந்து ஆகாது என்று சாமி சொல்லிவிட்டது. அண்ணன் மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினார். எனக்குச் சொல்லவில்லை. அக்கா வருவது நின்றது. சாமி ஓட்டிவிட்டது என்று அண்ணன் பழமும் தேங்காயும் வாங்கிப் படைத்தார். அதற்குள் மாத்திரை இல்லாமல் பெரியம்மா மரமாக இறுகிவிட்டார். விழுங்க முடியவில்லை. காய்ச்சல் கொதித்தது. ஆம்புலன்சில் ஏற்றும்போதும் அந்தக் கறுப்புக் கயிறு மணிக்கட்டில் இருந்தது. அண்ணனைத் திட்ட வேண்டும் என்றுதான் போனேன். அவர் வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்ததும் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

உயிர் பிழைத்தார். அவ்வளவுதான் சொல்ல முடியும். வேறு மருந்து கொடுத்தார்கள். கை ஓரளவு அசைந்தது, நடை திரும்பவில்லை, அக்காவும் திரும்பவில்லை. "அந்தப் பழைய மாத்திரையக் குடு பாப்பா. ஒனக்குத்தான் மருந்துக்கடையே கையில இருக்கே" என்று நான் போகும் போதெல்லாம் கெஞ்சுவார். வாழ்நாளில் யாரிடமும் கெஞ்சாதவர். நான் பேச்சை மாற்றுவேன்.

இறுக்கம் கூடிக்கொண்டே போனதால், வேறு வழியில்லாமல் டாக்டரே பழைய மாத்திரையை மிகக் குறைந்த அளவில் திரும்ப எழுதினார். பெரியம்மா அன்று அண்ணனிடம் நாற்காலியைத் துடைக்கச் சொன்னார். மைலோ கலக்கி வைக்கச் சொன்னார். ஆள் வந்தது. வந்தது அக்கா இல்லை. தொப்பி போட்ட யாரோ ஒரு கிழவன். "யாருன்னே தெரியல பாப்பா. எழுந்துக்கவே மாட்டேங்குறான். அவ வந்தா எங்க உட்காருவா?" என்று அழுதார். மூளையில் எந்த வீடு எழ வேண்டும் என்று கட்டளை போட உலகத்தில் மருந்து கிடையாது. எனக்குத் தெரிந்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் முடிந்துவிடுகிறது.

இப்போது பெரியம்மா கூடத்திலேயே படுத்த படுக்கை. மாத்திரையைப் பொடித்துக் குழாய் வழியாகக் கொடுக்கிறோம். மருந்து மாறவில்லை, அது தட்டினால் பதில் சொல்லும் அணுக்கள்தான் குறைந்துகொண்டே போகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை வேலை முடிந்து நேரே போனேன். கால் கடுத்தது. கூடத்தில் வேறு இருக்கை இல்லை. நீல நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கை ஜில்லென்று இருந்தது. பெரியம்மா என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு கால்மாட்டில் நின்ற அண்ணன் பக்கம் கண்ணைத் திருப்பி, மூச்சில் பாதியும் சொல்லில் பாதியுமாகச் சொன்னார்:

"அந்த ஆள எழுந்துக்கச் சொல்லுய்யா. எம்மக வார நேரம்."

நான் எழுந்துகொண்டேன்.