வாய் ஒருத்திக்கு, குரல் ஒருத்திக்கு

அலுவலகத்தில் அவளைக் காதக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். டிவியில் ஒருவர் பேசப் பேச, காது கேளாதவர்கள் படிப்பதற்காகத் திரைக்குக் கீழே எழுத்து ஓடுமே, அதை அடிக்கிற வேலை அவளுக்கு. எந்த இழுவையோ எந்த வேகமோ, ஒரு தடவை கேட்டால் போதும், விரல் ஓடிவிடும். எடிட்டருக்கு ஒரு பேச்சு பிடிபடவில்லையென்றால், "காதக்கா, கொஞ்சம் வாங்களேன்" என்று குரல் வரும். ஜன்னலில்லாத அறை, பஞ்சு பிதுங்கிய நாற்காலி, பக்கத்தில் ஆடை படிந்த டீ. அங்கேதான் அவள் பகலெல்லாம் உட்கார்ந்திருந்தாள்.

அவள் தலையில் கட்டியிருந்தது கைவேலை நிகழ்ச்சி. அதை நடத்துகிற தொகுப்பாளினி மேக்கப் அறையில் எல்லாரையும் போலத்தான் பேசுவாள். "என் சீப்பை எவ எடுத்தா?" என்று கத்துவது வராந்தா வரை தெளிவாகக் கேட்கும். விளக்குகள் எரிந்ததும் நாக்கு வேறாகிவிடும். நேற்றுத்தான் விமானத்தை விட்டு இறங்கியவள் மாதிரி "வன்க்கம் நேயர்க்லே" என்பாள். ழவும் ளவும் அவள் வாயில் லவாகக் கரைந்துபோகும். "மூணு இலை எடுத்துக்கோங்க, ஒவ்வொரு இலையையும் நல்லா இலுங்க" என்பாள். அது நூல் இழை என்று காதக்காவுக்குத் தெரியும். எல்லாவற்றையும் திருத்தி, சுத்தமாக அடித்து அனுப்புவாள். ஒரு தடவை ஒரு நேயர் போன் செய்து, "ஏம்மா, அது எந்த மரத்து இலை? பச்சையா போடணுமா, காய வச்சுப் போடணுமா?" என்று கேட்டாள். அலுவலகமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. காதக்கா சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிய பிறகும் அந்தக் குரல் காதில் பிசுக்காக ஒட்டியிருந்தது.

வீட்டிலும் நிம்மதியில்லை. மரம் அறுக்கிற ஆலையில் காதைத் தொலைத்த மாமனார், டிவி முன்னால் உட்கார்ந்து எழுத்தைப் படித்தே எல்லாம் தெரிந்துகொள்வார். "இந்தப் பொண்ணு எவ்வளவு சுத்தமா பேசுது பாரு!" என்று மருமகளிடமே சொல்லுவார். எழுத்தடிப்பது அவள்தான் என்று அவருக்குத் தெரியும்; அவர் மெச்சிய சுத்தமே அவள் திருத்தியது என்று தெரியாது. அதைச் சொல்ல வாயெடுத்து, வேண்டாமென்று அடுப்படிக்குப் போய்விடுவாள்.

அந்த நிகழ்ச்சிக்கு ஒருநாள் மிதியடி பின்னுகிற ஒரு அம்மா வந்தாள். பழைய சட்டை, கிழிந்த போர்வை எல்லாவற்றையும் நாடாவாகக் கிழித்து, மூன்று இழையாகப் பின்னி, வட்டமாகச் சுற்றித் தைப்பாள். பேச்சு படுவேகம். வார்த்தையின் வாலை விழுங்கிவிடுவாள். கேள்வியைக்கூடப் பதில் மாதிரி கீழே இறக்கித்தான் கேட்பாள். ஆனால் 'இழை' என்று சொல்லும்போது அந்த ழ நாக்கில் வழுக்கிக்கொண்டு அழகாக வந்து விழுந்தது. காதக்கா அதைத் திரும்ப ஒரு தடவை ஓட்டிக் கேட்டாள்.

காதக்காவை எடிட்டிங் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே தயாரிப்பாளரும் அதையே ஓட்டிக்கொண்டிருந்தார், சிரிப்பதற்காக. தொகுப்பாளினி நாற்காலியில் சாய்ந்தபடி அந்த அம்மாவைப் போலவே பேசிக் காட்டினாள். அச்சு அசல். அவ்வளவு நல்ல காதும் நாக்கும் இருக்கிறவள்தானா இலை இலை என்று கொல்கிறாள் என்று காதக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இந்தப் பேச்சு மக்களுக்குப் புரியாது. நம்ம பொண்ணே டப்பிங் பேசிடட்டும். நீங்க அந்தம்மா சொன்னதை எழுதிக் கொடுங்க" என்றார் தயாரிப்பாளர்.

"எனக்குப் புரியுதே சார்."

"நீங்க மக்களா? நீங்க ஸ்டாஃப்."

எழுதிக் கொடுத்தாள். எழுதின கையைப் பைப்படியில் சோப்புப் போட்டுக் கழுவினாள். அந்த அசிங்கம் போகவில்லை.

நிகழ்ச்சி ஒளிபரப்பான மறுநாள் அந்த அம்மா போன் செய்தாள். தயாரிப்பாளர் ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "நீங்களே பேசுங்க, உங்களுக்குத்தான் அந்த பாஷை வரும்" என்று நீட்டினார்.

"வாய் என்னுது, சத்தம் யாருதுங்க?" என்றாள் அந்த அம்மா. "சொந்தக்காரங்களை எல்லாம் கூப்பிட்டு உட்கார வச்சிருந்தேன். என் வாயில இருந்து இலை இலைன்னு வருது. பேரப்புள்ள, இது நீ இல்லன்னு அழுவுறான். நான் பேசினது உங்க யாருக்குமே புரியலையா?"

"எனக்குப் புரிஞ்சுதும்மா."

"அப்புறம் ஏன்?"

அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது. தயாரிப்பாளர், "என்னவாம்? சந்தோஷமா?" என்று கேட்டபடி வடிகட்டாத டீயை உறிஞ்சினார். அவள் ரிசீவரை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.

அன்றிலிருந்து அவள் திருத்துவதை நிறுத்தினாள். காதில் விழுந்ததை அப்படியே அடித்தாள். 'வன்க்கம் நேயர்க்லே. ஊசியில இலையைக் கோத்து, வட்டமா சுலட்டுங்க.' இப்போதாவது ஊர் பார்க்கட்டும் என்று நினைத்தாள்.

ஊர் பார்த்தது. கடிதமும் போனும் குவிந்தன. 'எழுத்துப் போடுகிறவருக்கு அரிச்சுவடி தெரியாதா?' என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். தொகுப்பாளினி எப்படிப் பேசுகிறாள் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அவள் பேச்சு அவர்களுக்குப் பழகிவிட்டிருந்தது. மாமனார்கூட, "உனக்கு என்னம்மா ஆச்சு, கண்ணு கிண்ணு மங்குதா?" என்று கரிசனமாகக் கேட்டார்.

தயாரிப்பாளர் அவளைக் கூப்பிட்டு, "சொன்னதை எழுதாதீங்க, சொல்ல நினைச்சதை எழுதுங்க" என்றார்.

"அந்த மிதியடி அம்மாவுக்கு மட்டும் ஏன் சார் அந்தச் சலுகை இல்ல? அவங்க பேச்சுக்குக் கீழ எழுத்துப் போட்டிருந்தா முடிஞ்சிருக்குமே."

"கேக்க நல்லா இருக்காதே."

"சீ" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அது அந்த அறையில் எல்லாருக்கும் தெளிவாகப் புரிந்தது. அந்த வாரக் கடைசியிலேயே வேலையை விட்டாள்.

இப்போது ஒரு பஸ் நிறுவனத்தில் புகார் போனை எடுக்கிறாள். காலையில் ஹெட்போனை மாட்டினால் நாலா பக்கத்துப் பேச்சும் வந்து விழும். மூக்கால் பேசுகிறவர்கள், மென்று பேசுகிறவர்கள், மூச்சே விடாமல் திட்டுகிறவர்கள். மற்ற பெண்கள் 'புரியலைங்க, திரும்பச் சொல்லுங்க' என்று அலுத்துக்கொள்ளும் அழைப்புகளை அவள் வாங்கிக்கொள்வாள். சாப்பாட்டு அறை டிவியில் கைவேலை நிகழ்ச்சி வந்தால் மட்டும், தட்டைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறாள்.