நான்காகப் பிளந்த ரயில் காசு

இராஜபாளையத்துப் பக்கீர் முகமதுவின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும்தான் மிச்சம். மற்ற மூன்றும் செங்கோட்டை மலையில் ரயிலுக்குச் சுரங்கம் குடைந்தபோது வெடியில் போயின. அதே வெடியில், அவரோடு சேர்ந்து பாறைக்கு வெடி வைத்த கூட்டாளிகள் மூவர் பாறைக்கடியில் நசுங்கிச் செத்தார்கள். தோண்டி எடுக்க ஒரு நாளாகும் என்றதும், கல்லோடு சேர்த்துப் பள்ளத்தில் தள்ளச் சொல்லிவிட்டான் கங்காணி.

இரண்டு வருடம் கழித்து ரயில் ஓடியது. அதன் நினைவாக இஞ்சின் படம் பொறித்த வெள்ளிக்காசு ஒன்றை அந்த வெடிக்கூட்டத்துக்குக் கொடுத்தார்கள். நான்கு பேருக்கும் சேர்த்து ஒன்றே ஒன்று. வெடிக்கூட்டத்தில் எது வந்தாலும் ஆளுக்குச் சமபங்கு. வேலையில் செத்தவனுக்கும் உண்டு. பக்கீர் அந்தக் காசைப் பாறைமேல் வைத்து, உளியை நிறுத்தி, சம்மட்டியால் நான்காகப் பிளந்தார்.

அடுத்த மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சத்தியநேசன் தேடி வந்தார். அபூர்வமான காசுகளைச் சேர்த்து வைப்பவர். பக்கீர் காட்டிய கால் துண்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

“கூறுகெட்டத்தனமா வெட்டிட்டீரே. மத்த துண்டெல்லாம் எங்க? எல்லாத்தையும் சேத்து நான் ஒட்ட வச்சிக்கிடுதேன்.”

பக்கீர் எழுந்து அவர் குரல்வளையைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினார். அந்த இரண்டு விரலே போதுமாக இருந்தது. சத்தியநேசனின் கண்கள் பிதுங்கின.

“பள்ளத்துல மூணு பேரு கெடக்கானுவ. அவனவன் பங்கை அவனவன் மேலயே போட்டுட்டு வந்திருக்கேன். எறங்கிப் போயி கேளும். குடுத்தா ஒட்டிக்கிடும்.”